இட்டேரியிலிருந்து புல்மலை வரை: கொங்கு நாட்டில் காலநிலை மாற்றமும் உயிரினங்களும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பறவை பார்க்கப் போகிறவன் என்று ஊருக்குள் பெயர் வாங்கிவிட்டால் அவ்வளவுதான். கிடா விருந்தானாலும் கல்யாணப் பந்தியானாலும் பக்கத்து இலைக்காரர் பேச்சை ஆரம்பித்துவிடுவார். "ஏனுங்க, மழை ஏன் இப்படி ஆயிப்போச்சு?" என்று தொடங்கி, பெரும்பாலும் மயிலில் வந்து நிற்கும். அப்படித் திரும்பத் திரும்பக் காதில் விழுந்த கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன். இது காங்கயம், தாராபுரம் பக்கத்து மேட்டாங்காட்டுக்காரனின் பார்வை. வால்பாறைக்காரர் ஒருவர் எழுதினால் வரிசையே மாறியிருக்கும்.

காலநிலை மாற்றமெல்லாம் புலி, யானை இருக்கிற மலைக்காட்டுப் பிரச்சினை. காடே இல்லாத எங்கள் ஊருக்கு அதில் என்ன?

காடு இல்லையா? நம் ஊரில் "காட்டுக்குப் போயிட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போகிறவர் எங்கே போகிறார்? மானாவாரி நிலத்துக்குத்தான். மற்ற சீமைக்காரர்கள் காடு என்பதை நாம் மலை என்போம், வனம் என்போம். கிணற்றுப் பாசனம் இருந்தால் தோட்டம், மழையை நம்பினால் காடு. சோளமும் கம்பும் விதைக்கிற நிலத்துக்கு இந்தப் பெயரை வைத்தவர்கள் அறியாமல் வைத்திருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

கொறங்காட்டை எடுத்துக்கொள்ளுங்கள். காங்கயம் மாடும் செம்மறியும் மேய்வதற்கென்றே விட்டுவைத்த நிலம். சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப்புல், ஆங்காங்கே வெள்வேல மரம். ஒரு காட்டில் மேய்ச்சல் முடிந்தால் படலைச் சாத்திவிட்டு அடுத்ததற்கு ஓட்டுவார்கள். கோடையில் புல் காய்ந்தாலும் வெள்வேலங்காய் உதிர்ந்து ஆட்டுக்கு வயிறு நிறையும். இந்த நிலத்தில்தான் கௌதாரியும் காடையும் வானம்பாடியும் ஆட்காட்டியும் தரையில் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கின்றன.

அப்புறம் இட்டேரி. இரண்டு பக்கமும் உயிர்வேலி, நடுவில் வண்டி போகிற மண் தடம். வேலியில் கிளுவை, திருகுக்கள்ளி, சூரை, காரை; மேலே ஏறிக் கிடக்கும் பிரண்டையும் கோவையும் முடக்கத்தானும். உள்ளே உடும்பு, கீரி, ஓணான், செம்போத்து, தவிட்டுக்குருவிக் கூட்டம். சின்ன வயதில் எங்கள் வீட்டிலிருந்து பஸ் நிறுத்தத்துக்கு ஒரு கிலோமீட்டர் இட்டேரியில்தான் நடந்து போனோம். அந்தத் தடத்துக்குச் சூழலியலில் என்ன பெயர் என்று தெரிந்துகொள்ள எனக்கு இருபது வருடம் ஆனது. வாழிடத் தொடர்பாதை என்கிறார்கள். ஓர் உயிர் ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு வெட்டவெளியில் அகப்படாமல் போய்ச் சேரும் வழி.

அந்த வழிதான் இந்தப் பக்கம் முழுக்கத் திரும்பத் திரும்ப வரப்போகிறது. காலநிலை மாறும்போது உயிர்களுக்கு முதலில் தேவைப்படுவது நகர்ந்துபோக ஒரு தடம்.

ஒரு டிகிரி கூடினால் என்ன ஆகிவிடும்? கரூரில் சித்திரை வெயில் 40 டிகிரி அடிக்கிறதே, எல்லாரும் பிழைத்துத்தானே கிடக்கிறோம்?

நாம் பிழைப்பதற்கு விசிறி இருக்கிறது, மோர் இருக்கிறது, வேப்பமரத்து நிழல் இருக்கிறது. காலநிலையை ஆராயும் ஐ.நா. குழுவான ஐபிசிசியின் அறிக்கைப்படி 2011 முதல் 2020 வரையிலான காலத்தில் உலகச் சராசரி, 1850–1900 காலத்தைவிட சுமார் 1.1 டிகிரி கூடியிருந்தது. 2024-ஆம் ஆண்டை மட்டும் தனியே எடுத்தால் ஒன்றரை டிகிரியைத் தாண்டிவிட்டது. எண் சின்னதுதான். ஆனால் அதை மலையில் வைத்துப் பாருங்கள்.

கோயம்புத்தூரிலிருந்து வால்பாறைக்குப் பஸ் ஏறினால் கொண்டை ஊசி வளைவுகளில் ஏற ஏறக் குளிர்கிறது. ஆயிரம் மீட்டர் உயரத்துக்குச் சுமார் ஆறரை டிகிரி குறையும். ஆக, ஒரு டிகிரி வெப்பம் கூடினால், பழைய குளிர்ச்சியைத் தேடும் செடியோ பூச்சியோ ஏறக்குறைய 150 மீட்டர் மேலே போகவேண்டும். சமவெளியில் இருப்பதற்கு அதே ஒரு டிகிரியைத் தேடி நூறு கிலோமீட்டருக்கும் மேல் நகர வேண்டிவரும். பறவை போகும். புளியமரம் எப்படிப் போகும்? விதை விழுந்து, முளைத்து, காய்த்து, அந்தக் காயை யாராவது கொண்டுபோய்ப் போட்டு, தலைமுறை தலைமுறையாகத்தான் ஒரு மரம் நடக்கும்.

மேலே போக இடமிருக்கிறவற்றின் பாடு இது. கொல்லிமலை 1,300 மீட்டர் வாக்கில் முடிந்துவிடுகிறது. அதன் உச்சியில் வாழ்வது அதற்கு மேல் எங்கே ஏறும்? பக்கத்து மலைக்குப் போகலாம் என்றால் நடுவில் நாமக்கல் சமவெளி.

இதற்கு நம்மிடம் ஒரு பெரிய உதாரணமே இருக்கிறது. நமக்கு ஆடிக்காற்றைக் கொண்டுவரும் பாலக்காட்டுக் கணவாய் சுமார் 30 கிலோமீட்டர் அகலம். மனிதனுக்கு ரயிலில் அரைமணி நேரம். உயர்ந்த மலைச்சோலையில் வாழும் சின்னப் பறவைகளுக்கோ அது கடல். சோலைக்கிளி என்று ஒன்று, பெயரில்தான் கிளி, ஆள் சின்னக் குருவி. கணவாய்க்கு வடக்கே நீலகிரியில் வாழும் சோலைக்கிளி வேறு இனம், தெற்கே ஆனைமலையிலும் பழனிமலையிலும் வாழ்வது வேறு இனம். அந்தச் சூடான பள்ளத்தைத் தாண்டாமலே லட்சக்கணக்கான ஆண்டுகள் பிரிந்திருந்து இரண்டாகிவிட்டன. வெப்பம் கூடக் கூட ஒவ்வொரு மலையுச்சியும் இப்படி ஒரு தீவாகிறது.

மொத்த மழை அளவு அப்படியேதானே இருக்கிறது? ஏட்டில் பார்த்தால் பெரிய வித்தியாசம் தெரியவில்லையே.

ஏடு மொத்தத்தை மட்டும்தான் சொல்லும், மண் அதை எப்படி வாங்கியது என்பதைச் சொல்லாது. கொங்குச் சமவெளி மேற்குமலையின் மழைமறைவுப் பகுதி. தென்மேற்குப் பருவத்தில் வால்பாறை பக்கத்துச் சின்னக்கல்லாறு தமிழகத்திலேயே அதிகம் நனையும் இடங்களில் ஒன்று. அங்கிருந்து கிழக்கே இறங்கினால் மூலனூரில் காற்றுதான் மிச்சம், காற்றாலைதான் சுற்றும். நமக்கு ஆண்டுக்குக் கிடைப்பது பெரும்பாலும் அறுநூறு, எழுநூறு மில்லிமீட்டர். கோடைமழை கொஞ்சம், ஐப்பசி–கார்த்திகையில் மீதி.

காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதலாக ஈரத்தைச் சுமக்கும். சுமந்ததை ஒரே மூச்சில் கொட்டும். பத்து நாளில் தூறலும் சாரலுமாக இறங்கவேண்டியது இரண்டு மணி நேரத்தில் இறங்கினால் ஓடையில் செந்தண்ணீர் போகும், காட்டு மண் நாலு விரற்கடைக்குக் கீழே காய்ந்தே இருக்கும். மழைமானி மட்டும் சந்தோஷப்படும்.

உயிர்களுக்கு மழை என்பது ஒரு சமிக்ஞை. முதல் நல்ல மழைக்கு மறுநாள் அந்தியில் புற்றிலிருந்து ஈசல் புறப்படும். அன்றைக்குக் காக்கை, கரிச்சான், தவளை, ஓணான் எல்லாவற்றுக்கும் விருந்து. குஞ்சுகளுக்கு ஊட்ட அந்த நேரத்தை நம்பியிருக்கும் பறவைகள் உண்டு. மழை ஒரு மாதம் பிந்தினால் ஈசலும் பிந்தும், ஆனால் பறவையின் கணக்கு பகல் வெளிச்சத்தின் நீளத்தைப் பார்த்தும் ஓடுகிறது. இரண்டு கடிகாரமும் விலகிப் போய்விடும். "ஆடிப்பட்டம் தேடி விதை" என்றதும் இதே கணக்குத்தான். விவசாயி பட்டத்தைத் தள்ளிப்போட முடிகிறது, கூட்டில் இட்ட முட்டையைத் தள்ளிப்போட முடியாது.

ஒரேயடியாகப் பொய்த்த ஆண்டும் நாம் பார்த்ததுதான். 2016-இல் வடகிழக்குப் பருவமழை தமிழகத்தில் 62 சதவீதம் குறைந்தது. தென்னையின் தலை முறிந்து விழுந்த தோட்டங்களை மறந்திருக்க மாட்டீர்கள். பக்தர் கனவில் முருகன் சொன்ன பொருளை வைக்கிற சிவன்மலைக் கோயில் உத்தரவுப் பெட்டியில் தண்ணீர் வைத்தால் மழையா வறட்சியா என்று அர்த்தம் பிரிக்கிற ஊர் நம் ஊர். மழையைப் பற்றிய பயம் நமக்குப் புதிதில்லை. பெட்டியை ஒருபோதும் கேலி செய்தவனில்லை நான், மழைமானியையும் பக்கத்தில் வைத்துக்கொள்வோம் என்றுதான் சொல்வேன்.

மயில் இவ்வளவு பெருகிக் கிடக்கிறதே, அப்படியென்றால் இயற்கை நன்றாக இருக்கிறது என்றுதானே பொருள்?

நிலக்கடலை விதைத்தவரிடம் இதைக் கேட்டுப் பாருங்கள்.

மயில் ஈரக்காட்டுப் பறவை அல்ல. முள்ளும் புதரும் திறந்த வெளியும் கலந்த வறண்ட நிலம்தான் அதற்குப் பிடிக்கும். கேரளத்தில் முன்பு அரிதாக இருந்த மயில் இப்போது புதிய புதிய ஊர்களில் தென்படுவதை, அங்கே நிலம் வறண்டுவருவதன் அடையாளமாக ஆய்வாளர்கள் சிலர் பார்க்கிறார்கள். நம் பக்கத்துக் கதை இன்னும் சிக்கல். இங்கே நிலம் ஆதியிலிருந்தே வறண்டது. முட்டையையும் குஞ்சையும் தின்று கணக்கைச் சரிசெய்துகொண்டிருந்த நரி குறைந்துபோனது. சீமைக்கருவேலம் ஒளிய இடம் கொடுத்தது. விட்டுப்போன தரிசு நிலம் கூடியது. முருகன் வாகனம், கூடவே 1963 முதல் தேசியப் பறவை, எனவே யாரும் கை வைப்பதில்லை. வைக்கவும் கூடாது, வனவிலங்குச் சட்டப் பட்டியலில் உச்சப் பாதுகாப்பு பெற்ற பறவை.

ஒரே இனம் பெருகுவது வளம் அல்ல. கௌதாரி கூப்பிடும் சத்தம் எங்கள் காட்டில் கேட்டு எத்தனை நாளாயிற்று என்பதுதான் நான் பார்க்கும் அளவுகோல்.

புரட்டாசி, ஐப்பசியில் ரோட்டில் கூட்டங்கூட்டமாக வண்ணத்துப்பூச்சி பறக்கிறதே, எங்கே போகிறது?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. நீலவரியன், கருநீலவரியன் வகைப் பூச்சிகள் வலசை போகின்றன. கோடைமழைக்குப் பின், தென்மேற்குப் பருவம் வலுப்பதற்கு முன், மேற்குமலையில் பிறந்தவை கொங்குச் சமவெளியைக் கடந்து கிழக்குமலைப் பக்கம் வருகின்றன. வடகிழக்குப் பருவத்துக்கு முன் கிழக்கேயிருந்து மேற்கே திரும்புகின்றன. சேர்வராயன், கொல்லி, பச்சைமலையிலிருந்து கிளம்பி சேலம், ஈரோடு, திருப்பூர் வழியாக நீலகிரிக்கும் ஆனைமலைக்கும். போவதும் வருவதும் ஒரே பூச்சியல்ல, வேறு தலைமுறை.

இந்தப் பயணத்தின் நேரம் முழுக்க மழையைப் பார்த்து அமைந்தது. வழியில் தேன் வேண்டும். ஆண் பூச்சிகளுக்குக் கிலுகிலுப்பை, தேள்கொடுக்கு போன்ற செடிகளிலிருந்து ஒரு வகைக் காரச்சத்து (ஆல்கலாய்டு) வேண்டும். பெண்ணைக் கவரும் மணம் அதிலிருந்துதான் உண்டாகிறது. அந்தச் செடிகள் எங்கே இருக்கும்? தரிசிலும் வேலியோரத்திலும் இட்டேரியிலும். நாம் "களை" என்று மருந்தடிப்பவை. மழை முன்பின்னாக வந்து, பூச்சி வரும்போது செடி பூக்காமல் போனால் ஒரு நஷ்டம். செடியே இல்லாமல் போனால் அதைவிடப் பெரிய நஷ்டம். முதலாவதை நம் ஊர் மட்டும் சரிசெய்ய முடியாது. இரண்டாவது நம் வேலியில்தான் இருக்கிறது.

எல்லாவற்றுக்கும் தீர்வு மரம் நடுவதுதானே?

இந்தப் பதிலுக்காக என்னை விரோதி மாதிரி பார்த்தவர்கள் உண்டு. சொல்லிவிடுகிறேன்: எங்கே, என்ன மரம், எதை அழித்து என்று கேட்காமல் நடுவது சில இடங்களில் தீங்கு.

கொறங்காட்டில் குழி தோண்டி நெருக்கமாக மியாவாக்கி காடு வளர்த்தால், போட்டோவில் பச்சையாக இருக்கும். ஆனால் அங்கே ஏற்கெனவே ஒரு வாழிடம் இருந்தது. புல்வெளியை "சும்மா கிடக்கிற இடம்" என்று நினைப்பதிலிருந்துதான் தவறு தொடங்குகிறது. புல் தன் கரிமத்தை வேரில், மண்ணுக்குள் வைக்கிறது. தீப்பிடித்தாலும் வறண்டாலும் அது கீழேயே கிடக்கும். கொழுக்கட்டைப்புல் இரண்டு மழைக்குத் துளிர்த்து வருகிற அழகைப் பார்த்தவர்கள் அதைத் தரிசு என்று சொல்ல மாட்டார்கள்.

இன்னொரு விஷயமும் உண்டு. காற்றில் கரியமில வாயு பழைய 280 பங்கிலிருந்து, அதாவது பத்து லட்சத்தில் 280 பங்கிலிருந்து, 420-ஐத் தாண்டிவிட்டது. இந்த உபரி வாயு எல்லாத் தாவரத்துக்கும் ஒரே மாதிரி உரமாவதில்லை. கொழுக்கட்டைப்புல், சோளம் போன்ற வெப்பமண்டலப் புல்வகைகளுக்கு அதனால் லாபம் குறைவு. மரத்துக்கும் முட்புதருக்கும் அதிகம். ஆகவே நாம் ஒன்றும் செய்யாமல் விட்டாலும் புல்வெளிக்குள் முள் ஏறும். மேலே நாமே மரத்தையும் நட்டால்?

மலையிலும் இதே கதை நடந்திருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்திலிருந்து நீலகிரிப் புல்வெளிகளில் சீகை (வாட்டில்) மரத்தையும் கற்பூர (யூகலிப்டஸ்) மரத்தையும் நட்டார்கள். அந்தச் சீகை இன்று தானாகவே புல்லுக்குள் பரவிக்கொண்டிருக்கிறது.

அதற்காக மரமே வேண்டாமென்று நான் சொன்னதாகப் போய்ச் சொல்லிவிடாதீர்கள். ஓடைக்கரையில் நீர்மருது, புங்கன். குளத்தங்கரையில் ஆலும் அரசும். தோட்டத்து வரப்பில் வேம்பு, பனை. பனையில் தூக்கணாங்குருவி கட்டும். ஆலம்பழத்துக்கு எத்தனை பறவை வரும் என்று ஒருநாள் அடியில் கட்டிலைப் போட்டுப் படுத்துப் பார்த்தால் தெரியும்.

சீமைக்கருவேலம், உன்னி, மஞ்சள் கொன்றை – இவையும் காலநிலையால் வந்தவையா?

இல்லை, மனிதன் கொண்டுவந்தவை. ஆனால் வறட்சியும் வெப்பமும் இவற்றுக்குக் கூட்டாளி. நாட்டுச் செடி வாடும் ஆண்டில் இவை வேர் பிடித்துவிடும். சத்தியமங்கலம் காட்டில் மஞ்சள் கொன்றை படர்ந்த இடத்தில் அடியில் புல் முளைக்காது, புல் இல்லாத இடத்தில் மானுக்கு வேலை இல்லை. உன்னிப்புதர் காய்ந்தால் தீ தரையிலிருந்து மரத்துக்கு ஏறப் படிக்கட்டு. 2023 ஏப்ரலில் கோவை மேற்குமலைச் சரிவில் பிடித்த தீயை அணைக்க விமானப்படை ஹெலிகாப்டர் தண்ணீர் ஊற்றவேண்டி வந்தது.

அமராவதி அணை முதலைக்குமா சூடு ஒரு பிரச்சினை? அது வெயிலில்தானே காய்கிறது?

வெயில் காய்வது பெரிய முதலை. பிரச்சினை முட்டைக்கு.

நமக்கு ஆணா பெண்ணா என்பது கரு உண்டாகும்போதே முடிவாகிவிடும். சதுப்பு முதலைக்கு அப்படியில்லை. தாய் மாசி, பங்குனி வாக்கில் கரையில் குழி பறித்து முட்டையிட்டு மூடும். மண் எவ்வளவு சூடு என்பதை வைத்துத்தான் உள்ளே இருப்பது ஆணா பெண்ணா என்று தீர்மானமாகும். சுமார் 31 டிகிரி வரை இருந்தால் பெண். முப்பத்திரண்டரை வாக்கில் ஆண். அதையும் தாண்டினால் மறுபடி பெண் கலக்கும், இன்னும் கூடினால் கரு பிழைப்பதே கடினம். ஒன்றரை டிகிரிக்குள் ஒரு தலைமுறையின் கணக்கே மாறுகிறது. முன்பு ஒரு டிகிரியில் என்ன ஆகிவிடும் என்று கேட்டீர்களே, இதையும் அந்தப் பதிலோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

தாய் முதலை நிழலான கரையையோ ஆழமான குழியையோ தேர்ந்தெடுத்துச் சமாளிக்கலாம். அதற்கு மண்கரையும் கரையில் மரமும் மிச்சம் இருக்கவேண்டும். அமராவதியில் 1970-களிலிருந்து முதலைப் பண்ணை இருக்கிறது. உடுமலைப் பக்கம் பள்ளிப் பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிப்போகிறவர்கள் இந்த முட்டைக் கதையையும் சொல்லலாம்.

அத்திக்கடவுத் தண்ணீர் வந்துவிட்டது. இனிக் குளத்துப் பறவைகளுக்குக் கவலையில்லைதானே?

அறுபது வருடம் கேட்டுக் கேட்டு, 2024 ஆகஸ்ட்டில் தொடங்கிய திட்டம். பவானியின் உபரியில் ஒன்றரை டிஎம்சி, கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் 1,045 குளம் குட்டைகளுக்கு. வறண்டே கிடந்த குட்டையில் தண்ணீர் பார்த்துக் கண் கலங்கியவர்களில் நானும் ஒருவன். நிலத்தடி நீருக்கு நல்லது. பறவைக்கு? பாதி நல்லது.

குளம் என்பது தண்ணீர் மட்டுமில்லை. நிரம்பும், வற்றும், சேறாகும், புல் முளைக்கும், மறுபடி நிரம்பும். வற்றி வரும்போது தெரியும் சேற்றுத் திட்டில்தான் உள்ளான்கள் அலகை விட்டுப் புழு எடுக்கும். ஆண்டு முழுக்க விளிம்பு வரை தண்ணீர் நின்றால் முக்குளிப்பானுக்கும் நீர்க்காகத்துக்கும் கொண்டாட்டம், உள்ளானுக்கு இடமில்லை. கரையைக் கான்கிரீட்டால் செங்குத்தாகக் கட்டி நடைபாதை போட்டுவிட்டால் யாருக்குமே இடமில்லை, காலையில் நடக்கிறவர்களைத் தவிர.

நம்மிடம் உலகம் மதிக்கிற குளங்கள் இரண்டு உண்டு. ஈரோட்டு வெள்ளோடு 2022-இலும், திருப்பூர் நஞ்சராயன் குளம் 2024-இலும், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தன. நஞ்சராயன் குளத்துக்குப் பட்டைத்தலை வாத்து வருகிறது. மத்திய ஆசியாவின் உயரமான ஏரிகளில் குஞ்சு பொரித்து, இமயத்தைத் தாண்டிப் பறந்து, பனியன் கம்பெனிகளுக்கு நடுவே இருக்கும் 126 ஹெக்டேர் குளத்தில் வந்து இறங்குகிறது. ஐரோப்பாவில் குளிர்காலம் இளகிப்போனதால் சில வாத்துகள் தெற்கே வருவதைக் குறைத்து வழியிலேயே தங்கிவிடுவதைப் பதிவு செய்திருக்கிறார்கள். ஆகவே ஒரு வருடம் வாத்து வரவில்லையென்றால் உடனே குளத்தைக் குற்றம் சொல்லிவிட முடியாது. பல வருடக் கணக்கு வேண்டும்.

பொள்ளாச்சித் தென்னையில் வெள்ளை ஈ வந்ததும் இதனால்தானா?

சுருள் வெள்ளை ஈ வெளிநாட்டிலிருந்து வந்த பூச்சி, 2016-இல் பொள்ளாச்சி, பாலக்காட்டுப் பக்கம் முதலில் கண்டார்கள். அதைக் காலநிலை கொண்டுவரவில்லை. ஆனால் நல்ல மழை அடித்தால் அது கழுவிக்கொண்டு போகும்; நீண்ட வறண்ட நாட்கள் அதற்குத் தோது. வந்த ஆண்டும் எப்படிப்பட்ட ஆண்டு என்று மேலே பார்த்தோம்.

பல்லுயிர்ப் பாடம் வேறொரு இடத்தில் இருக்கிறது. என்கார்சியா என்றொரு குளவி, கண்ணுக்கே சரியாகத் தெரியாது, இந்த ஈயின் உடலில் முட்டையிட்டு அதைத் தின்றுவிடும். பயந்துபோய் மருந்தடித்த தோப்புகளில் ஈக்கு முன் குளவி செத்தது. வேளாண் பல்கலைக்கழகத்தார் மருந்தடிக்காதீர்கள், வாழையும் கல்வாழையும் ஊடே வையுங்கள், குளவி தங்கும் என்று சொன்னார்கள்.

மலை மேலே என்ன மாற்றம்? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

மூன்று மட்டும். வால்பாறைச் சோலைகளில் புதர்த்தவளை வகைகள் சில தண்ணீரில் முட்டையிடுவதில்லை. இலையில் இடும், தலைப்பிரட்டைப் பருவமே இல்லாமல் முட்டைக்குள்ளிருந்து நேரே குட்டித் தவளை வரும். காற்றில் ஈரம் நாலு நாள் விட்டுப்போனால் முட்டை காய்ந்துவிடும்.

வரையாடு ஆனைமலையின் கிராஸ் ஹில்ஸ் புல்மலையில் மேய்கிறது. 2024-இல் நடந்த முதல் ஒருங்கிணைந்த கணக்கெடுப்பில் தமிழகத்தில் 1,031 இருந்தன. இரண்டாயிரம் மீட்டருக்கு மேல் இருக்கும் அந்தப் புல்வெளிக்கு மேலே ஏற மிச்சம் அதிகமில்லை.

மூன்றாவது காப்பி. மாசி, பங்குனியில் ஒரு பூமழை, அப்புறம் ஒரு காய்மழை. அந்தப் பூமழை தவறினாலோ, பூத்த அன்றே கொட்டி அடித்தாலோ தேனீக்கும் நஷ்டம், தோட்டத்துக்கும் நஷ்டம். ஏற்காட்டுக்காரர்களுக்கு இதை நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

யானை ஊருக்குள் வருவது, கழுகு குறைந்தது, நொய்யல் செத்தது, எல்லாம் காலநிலை மாற்றமா?

இல்லவே இல்லை. எல்லாவற்றையும் வானத்தின் மேல் போட்டுவிட்டால் பூமியில் செய்தவர்கள் தப்பித்துவிடுவார்கள்.

மோயாற்றுப் பள்ளத்தாக்கில் நீர்மருது மரத்தில் கூடு கட்டும் பிணந்தின்னிக் கழுகுகள் குறைந்ததற்கு முக்கியக் காரணம் மாட்டுக்குப் போட்ட டைக்ளோபினாக் என்ற வலிமருந்து ஊசி; செத்த மாட்டைத் தின்ற கழுகுக்கு அது நஞ்சு. 2006-இல் கால்நடைக்கு அது தடை செய்யப்பட்டது. நொய்யலைக் கெடுத்தது சாயத்தண்ணீர். 2011-இல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது ஊருக்கே தெரியும். யானை வருவதற்கு வழித்தடத்தில் எழுந்த கட்டடம், மலையடிவாரத்தில் வாழையும் கரும்பும், எல்லாம் சேர்ந்து காரணம். கோடையில் ஓடை சீக்கிரம் வற்றுவது அதற்கு மேலே ஒரு தள்ளு.

2019-இல் வெளிவந்த உலகளாவிய பல்லுயிர் மதிப்பீடு காரணங்களை வரிசைப்படுத்தியபோது, நிலத்தின் பயன்பாட்டை மாற்றியதை முதலிலும், வேட்டை போன்ற நேரடிச் சுரண்டலை அடுத்தும், காலநிலையை மூன்றாவதாகவும் வைத்தது. நிலத்தில் வழியை அடைத்தது நாம். இப்போது சூடு துரத்துகிறது, ஓட வழியில்லை.

எங்கள் ஊர் இட்டேரிக்குச் சிமெண்ட் ரோடு வருகிறது. ரோடும் வேண்டும், வேலியும் வேண்டும். என்ன செய்யலாம்?

ரோடு வேண்டாமென்று சொல்ல எனக்கு வாய் வராது. மழைக்காலத்தில் பால் வண்டி சேற்றில் சிக்கி நின்ற கதை எங்கள் வீட்டிலும் உண்டு.

இரண்டு பக்க வேலியையும் எடுக்கவேண்டிய அவசியம் பெரும்பாலும் இருக்காது. அளக்க வரும்போதே போய் நின்று ஒரு பக்கத்தையாவது காப்பாற்றுங்கள். பொக்லைன் வந்த பிறகு பேச்சு எடுபடாது. வேலியைத் தீ வைத்துச் சுத்தம் செய்யாதீர்கள். கழிப்பதாக இருந்தால் ஒரே நாளில் முழு நீளத்தையும் கழிக்காமல் ஒரு வருடம் ஒரு பாதி, மறு வருடம் மறு பாதி.

ஏற்கெனவே கம்பிவேலி போட்டாயிற்றா? கம்பியை ஒட்டி உட்பக்கம் கிளுவைப் போத்து (வெட்டிய கிளை) நட்டுவிடுங்கள். மழைக்கு முன் நட்டால் பிடித்துக்கொள்ளும், தண்ணீர் ஊற்றக்கூட வேண்டாம். அடிக்கம்பியைத் தரையிலிருந்து ஒரு சாண் தூக்கிக் கட்டினால் முயலும் உடும்பும் போய்வரும். கோவையையும் பிரண்டையையும் நீங்கள் நடவேண்டாம். பறவை எச்சமிட்டு வரும், அக்கம்பக்கத்துத் துண்டு விழுந்து வரும். கரூர், திண்டுக்கல் எல்லையில் கடவூர் மலையில் தேவாங்குக்கென 2022-இல் 11,806 ஹெக்டேரில் சரணாலயம் அறிவித்தார்கள், இந்தியாவிலேயே முதலாவது. தரையில் இறங்க விரும்பாத அந்தப் பிராணிக்குக் கிளையோடு கிளை தொட்டிருக்கும் மரமும் புதரும்தான் ரோடு.

நான் விஞ்ஞானி இல்லை. கவனிப்பதை எழுதி வைத்தால் பயன் உண்டா?

மிகவும் உண்டு. சமவெளிக் காடுகளைப் பற்றிய பழைய குறிப்புகள் மலையைப் பற்றியவற்றைவிடக் குறைவு. தை மாதம் பொங்கலை ஒட்டி நான்கு நாள் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. வீட்டு வாசலில் பதினைந்து நிமிடம் நின்று கண்டதை ஈபேர்ட் என்ற இணையதளத்தில் ஏற்றினால் போதும். மரம் எப்போது துளிர்க்கிறது, பூக்கிறது என்பதைப் பதிவு செய்யச் சீசன்வாட்ச் என்ற திட்டம் இருக்கிறது. ஐப்பசியில் ஆறுமணிக்குருவி முதன்முதலாகக் கூவும் தேதி, வேம்பு பூக்கும் வாரம், முதல் ஈசல் – காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதினாலும் சரி.

நான் காப்புக் கட்டும் நாளிலிருந்து தொடங்கினேன். பொங்கலுக்கு முந்தின நாள் காட்டுக்கும் பட்டிக்கும் வீட்டுக்கும் ஆவாரம்பூ, பூளைப்பூ, வேப்பிலை மூன்றையும் சேர்த்துக் கட்டுவோமே, அன்றைக்கு எந்தப் பூ எங்கே கிடைத்தது என்று ஒரு வரி. போன தையில் எங்கள் காட்டில் ஆவாரை இருந்தது, பூளைப்பூ இல்லை. மூன்று காடு தள்ளிப் போய், ஒரு பழைய இட்டேரி ஓரத்தில் பறித்துவந்தோம். களைக்கொல்லியாலா, மழை பிந்தியதாலா என்று ஒரு வருடக் குறிப்பை வைத்துச் சொல்ல முடியாது. தேதியும் இடமும் எழுதி வைத்திருக்கிறேன்.